குரல் இருக்கும்போதே: மேடை நடிகர் ஒருவரின் கடிதமும் பதிலும்

கேள்வி: எனக்கு வயது 77. பதினேழு வயதில் மேடையேறினேன். வானொலி, தொலைக்காட்சி என்று ஐம்பது ஆண்டுக்கு மேல் நடித்தாயிற்று. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு குமாஸ்தா வேலை. இப்போது இதயச் செயலிழப்பு. இதயம் இருபது விழுக்காடுதான் வேலை செய்கிறதாம். நெஞ்சில் அதிர்ச்சி கொடுக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். இந்த ஆண்டில் மட்டும் மூன்று முறை வார்டில் படுத்தேன். ‘ஏசிபி (முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல்) பற்றிக் குடும்பத்தோடு பேசுங்கள்’ என்கிறார் டாக்டர். பேச்சை எடுத்தாலே மனைவி ‘வாயைக் கழுவுங்க’ என்கிறாள். மேடையில் எத்தனையோ தடவை செத்திருக்கிறேன். இந்தச் சாவுக்கு ஒத்திகை தெரியவில்லை. நடித்ததெல்லாம் காற்றோடு போயிற்றே, பிள்ளைகளோடு இருந்திருக்க வேண்டிய மாலைகளை ஒத்திகைக்குக் கொடுத்தேனே என்று இரவெல்லாம் யோசனை. வீட்டில் மூன்று பெட்டி நிறைய நாடகப் பிரதிகள், கேசட்டுகள், படங்கள். இன்னும் ஒரே ஒரு முறை மேடையேற ஆசை. கூட நடித்த நண்பன் ஒருவனோடு இருபது வருஷமாகப் பேச்சில்லை. எதிலிருந்து தொடங்குவது? (சிங்கப்பூர், தோ பாயோ வாசகர்)

மருத்துவ சமூகப் பணியாளரின் பதில்:

அன்புள்ள ஐயா,

குரலிலிருந்து தொடங்குங்கள். இதயச் செயலிழப்பு ஒரே சீராக இறங்கும் நோயல்ல. மூச்சு முட்டி வார்டுக்குப் போவீர்கள். நீர் இறங்கியதும் தேறி வீட்டுக்கு வருவீர்கள். ஆனால் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் முன்பு இருந்ததற்கு ஒரு படி கீழேதான் வந்து நிற்பீர்கள். நீண்ட வசனத்தை ஒரே மூச்சில் சொல்லும் பலம் அதில் சீக்கிரமே போய்விடும். பத்திரங்களில் கையெழுத்திடத் தெளிவான மனமும் ஓர் அரைமணி நேரமும் இருந்தால் போதும். குரல் அப்படியில்லை. அதற்காகப் பத்திர வேலையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் முடிக்கலாம். முதல் வாரத்தைக் குரலுக்குக் கொடுங்கள்.

அந்த இருபது விழுக்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது நூற்றுக்கு இருபது மதிப்பெண் அல்ல. நல்ல இதயமே ஒரு துடிப்பில் தன்னுள் நிரம்பிய ரத்தத்தில் ஏறக்குறைய 55 முதல் 70 விழுக்காடுதான் வெளியே தள்ளும். உங்களுடையது 20 தள்ளுகிறது. கடுமையான நிலைதான், மறைக்கவில்லை. ஆனால் அந்த எண்ணை வைத்து நாள் குறிக்க எவராலும் முடியாது.

பதிவுக்கு ஸ்டூடியோ வேண்டாம். படுக்கையறையே நல்ல இடம். மெத்தை, திரைச்சீலை, துணி அலமாரி எல்லாம் எதிரொலியை விழுங்கிவிடும். கைப்பேசிக்கு அழைப்பு வராதபடி விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று மோதிப் படபடக்கும். மேல்விசிறியை நிறுத்தியாக வேண்டும்; ஆனால் முகத்தில் காற்றுப் படாவிட்டால் உங்களுக்கு மூச்சு இறுகும். அதனால் கையில் பிடிக்கும் சிறு விசிறியைக் கைப்பேசி இல்லாத பக்கத்திலிருந்து கன்னத்திலும் மூக்கோரத்திலும் படும்படி பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே குளிர்ந்த காற்று படுவது மூச்சுத்திணறல் உணர்வைத் தணிக்கும். பதிவு இல்லாத நேரத்திலும் இதைச் செய்யலாம். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கைகளை மேசையில் ஊன்றி, கொஞ்சம் முன்சாய்ந்து பேசுங்கள். இருபது நிமிடம் பேச்சு, பத்து நிமிடம் ஓய்வு, ஒரு நாளைக்கு இரண்டு சுற்று. அதற்கு மேல் வேண்டாம்.

நேரம் முக்கியம். காலை எட்டு மணிக்கு நீர்மாத்திரை போட்டால் அடுத்த இரண்டு மூன்று மணி நேரம் கழிவறைக்குப் போய்வருவதிலேயே கழியும். பதினொன்றரைக்கு உட்காருங்கள். பதிவுக்காகவோ மேடைக்காகவோ அன்றைக்கு மாத்திரையை விட்டுவிடுவது நடிகர்களும் பாடகர்களும் செய்யக்கூடிய தவறு. மறுநாள் காலை கால் வீங்கி, இரவு தட்டையாகப் படுக்க முடியாமல், அவசரப் பிரிவில் போய் முடியும். தொண்டை நனைக்கக் குடிக்கும் வெந்நீரும் உங்களுக்குச் சொல்லியிருக்கும் நாளுக்கான நீர் அளவில் சேரும். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுமுன் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் நாடகத்தையும் பதிவையும் ஓரமாக வைத்துவிட்டு, இதயப் பிரிவுத் தாதிக்கு அழையுங்கள்.

இரண்டு வகைப் பதிவு செய்யுங்கள், ஒன்றோடொன்று கலக்காமல். ஒன்று நடிப்பு: உங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்று பாத்திரங்களை உட்கார்ந்தபடியே, உங்கள் முழுக் குரலில் பேசிவிடுங்கள். மற்றது குடும்பத்துக்கு. இரண்டாவதில்தான் சிக்கல். ஒலிவாங்கியைக் கண்டதும் நடிகருக்குத் தானாகக் குரல் நிமிரும். நூறு முறை சொல்லி மெருகேறிய கதைகளே வரும். உங்கள் மகளுக்கு அந்தக் கதைகள் மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். அதைத் தவிர்க்க, பேரப்பிள்ளை ஒருவரை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ‘உங்கள் கலைப்பயணம் பற்றி’ என்ற மாதிரிக் கேள்வி வேண்டாம். கையோடும் கண்ணோடும் தொட்ட கேள்வியாக இருக்கட்டும்: முதல் ஒப்பனையை எதைக் கொண்டு கலைத்தீர்கள், ஒத்திகை முடிந்து நள்ளிரவில் எப்படி வீடு வந்தீர்கள், கதவைத் திறந்தது யார், சோறு ஆறியிருந்ததா. சோற்றைப் பற்றிக் கேட்டால் மனைவியைப் பற்றிய உண்மை தானாக வந்துவிடும்.

கனடாவின் வின்னிபெக் நகர மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினாவ் நோய்முற்றியவர்களுக்கென்று உருவாக்கிய ‘கண்ணிய சிகிச்சை’யும் ஏறக்குறைய இதுதான். நோயாளியிடம் ஒன்பது பத்துக் கேள்விகள் கேட்பார்கள். வாழ்க்கையில் எப்போது உயிர்ப்போடு இருந்தீர்கள், எதைப் பற்றிப் பெருமைப்படுகிறீர்கள், அன்புக்குரியவர்களிடம் இன்னும் சொல்லாமல் இருப்பது என்ன என்ற வகையில் அவை இருக்கும். பேச்சைப் பதிவுசெய்து, எழுத்தாக்கி, செப்பம் செய்து, அவருக்கே வாசித்துக் காட்டி, அவர் திருத்திய பிறகு குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். வாசித்துக் காட்டும் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். பேசும் வேகத்தில் ஒருவரைப் பற்றி வந்து விழுந்த கசப்பான சொல், தாளில் நின்றால் நாற்பது வருஷம் நிற்கும். அதை எடுக்கும் வாய்ப்பு உங்களுக்குத்தான் உண்டு.

இரவில் வரும் யோசனைகளைக் கண்டு, மனம் கெட்டுப்போகிறதோ என்று பயப்படாதீர்கள். முதுமையில் பழையதைத் திரும்பத் திரும்ப எண்ணுவது மூளைத் தளர்ச்சி என்று ஒரு காலத்தில் கருதினார்கள். அது வயதானவர்கள் செய்யும் இயல்பான ‘வாழ்க்கை மீள்பார்வை’ என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதினார். அது அமைதியையும் தரலாம், குற்றவுணர்வையும் கிளறலாம் என்றும் அவரே சொன்னார். ‘நடித்ததெல்லாம் காற்றோடு போயிற்று’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாலைகளைப் பற்றி நீங்கள் எழுதியதை மறுக்கவும் மாட்டேன். பிள்ளைகளுக்கு நீங்கள் இல்லாத மாலைகள் இருந்தன. அது உண்மையானால், அதை அவர்களிடமே ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். ‘நீ சின்னப் பிள்ளையா இருந்தப்ப நான் வீட்டில் இல்லாத ராத்திரிகள் நிறைய, அது எனக்குத் தெரியும்’ என்று. அதற்கப்பால் விளக்கம் சேர்க்காதீர்கள். கலைக்காகத்தான், குடும்பத்துக்காகத்தான் என்று தொடங்கினால் மன்னிப்பு வழக்காகிவிடும்.

ஒன்றைமட்டும் கவனியுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் பாதிக்கு மேற்பட்ட நாள்கள் எதிலும் நாட்டமில்லாமல், மனம் தாழ்ந்தே இருந்ததென்றால், அது மீள்பார்வை இல்லை; மனச்சோர்வாக இருக்கலாம். இதய நோயோடு சேர்ந்து அடிக்கடி வருவது, சிகிச்சையும் உள்ளது. அடுத்த சந்திப்பில் டாக்டரிடம் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். 1767 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணில் எந்நேரமும் ஆள் இருப்பார்கள்.

இனி அந்த மூன்று பெட்டிகள். எதையும் துடைக்காதீர்கள், ஒழுங்குபடுத்துகிறேன் என்று எதையும் கிழிக்காதீர்கள். நாடகப் பிரதிகளில் அழுக்கான பிரதிதான் விலைமதிப்புள்ளது. ஓரத்தில் பென்சிலில் ‘இடப்பக்கம் போ’, ‘விளக்கு மங்கும்வரை நில்’ என்று எழுதி, இரண்டு வரி வசனத்தை அடித்து வேறு வசனம் போட்டு, தேநீர்க் கறையோடு இருக்கிறதே, அதிலிருந்துதான் அந்த நாடகம் எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள முடியும். சுத்தமாகத் தட்டச்சு செய்த பிரதி எழுத்தாளர் வீட்டிலும் கிடைக்கலாம்.

கேசட்டில் வெள்ளைப் பொடி மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில் சாதாரணம். ‘ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம்’ என்று ஓட்டிவிடாதீர்கள். நாடா ஒட்டிக் கிழியும், பூஞ்சை இயந்திரத்தின் வாசிப்புமுனையில் ஏறி அடுத்த கேசட்டுக்கும் பரவும். சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய பெட்டியில் வைத்து, எண்மமாக்கும் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். எம்பி3இல் போதும் என்று சொல்லாதீர்கள். சுருக்காத வேவ் கோப்பாக, 24 பிட், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ் என்று கேளுங்கள். படங்கள் ஒட்டும் பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பத்தில் இருந்தால் இழுத்துப் பிய்க்காதீர்கள். பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். தளர்ந்த படங்களின் பின்புறம் மெல்லிய பென்சிலால், ஓரத்தில், இடமிருந்து வலமாகப் பெயர் எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும். இந்தப் பெயர் எழுதும் வேலையை வேறு யாராலும் செய்ய முடியாது. மூன்றாவது ஆளாக நிற்கும் அந்த ஒப்பனைக்காரர் யார் என்பது இன்றைக்கு உங்களுக்குத் தெரியும். உங்களுக்குப் பிறகு அவர் வெறும் மூன்றாவது ஆள்.

கொடுக்கும் இடம்: தேசிய ஆவணக் காப்பகம், விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகம். சிங்கப்பூர்த் தமிழ் நாடகத்துக்கென்றே நூலக வாரியத்தில் மின்தொகுப்பு உண்டு. பெட்டியோடு நேரே போகாதீர்கள். முதலில் ஒரு பட்டியல் அனுப்புங்கள்: வரிசை எண், என்ன பொருள், எந்த நாடகம், எந்த ஆண்டு, எங்கே மேடையேறியது, நிலைமை. அவர்கள் எல்லாவற்றையும் எடுக்க மாட்டார்கள். மனவருத்தம் வேண்டாம், ஏற்கெனவே இருப்பதை இரண்டாவது முறை எடுப்பதில்லை. பொருள் உங்களுடையதாக இருந்தாலும் நாடகத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கோ அவர் வாரிசுக்கோ உரியது. எழுத்தாளர் இறந்து 70 ஆண்டு வரை அது நீடிக்கும். ஆகவே கொடைப் படிவத்தில் உங்களுக்கு உரிமை இல்லாததை எழுதிக் கொடுக்காதீர்கள். எழுத்தாளர் குடும்பத்தின் தொடர்பு எண்ணைக் கொடுத்தாலே பெரிய உதவி.

ஏசிபிக்கு வருகிறேன். முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல் என்பது உங்களால் பேச முடியாத நாளில் உங்களுக்காக மருத்துவரிடம் பேசுபவர் யார், உங்களுக்கு எது முக்கியம் என்பதைக் குறித்துவைக்கும் உரையாடல். சட்டப் பத்திரம் இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் மருத்துவமனையில் ஒரு மணி நேரம் போல உங்களோடு உட்கார்ந்து பேசுவார். இதயம் நின்றுபோனால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயலலாமா, கடைசி நாள்களில் வீடா மருத்துவமனையா என்பதெல்லாம் அதில் வரும்.

மனைவி ‘வாயைக் கழுவுங்க’ என்பது மறுப்பு இல்லை, பயம். சாவு என்ற சொல்லில் தொடங்காதீர்கள். ‘போன தடவை வார்டில் டாக்டர் உன்னைக் கேட்டப்போ உனக்குப் பதில் தெரியாமத் தவிச்சியே, அந்தத் தவிப்பு இனி வேண்டாம்னுதான் கூப்பிடுறாங்க’ என்று சொல்லுங்கள். அவர் மேல் இருக்கும் சுமையைக் குறைக்கும் பேச்சு என்று தெரிந்தால் வருவார். வீட்டு வரவேற்பறையில் பேசத் தயங்குபவர்கள் மருத்துவமனை அறையில் பேசிவிடுவதுண்டு. பிள்ளைகளில் யாராவது வெளிநாட்டில் இருந்தால் காணொளியில் சேருங்கள். தூரத்திலிருந்து கடைசி நேரத்தில் வந்திறங்கும் பிள்ளைதான் ‘எல்லாம் செய்யுங்கள்’ என்று அதட்டுவது வழக்கம், குற்றவுணர்வால்.

அங்கே ஒரு கேள்வியை நீங்களே எழுப்ப வேண்டும், ஏனென்றால் பல நேரம் விட்டுப்போகிறது. உங்கள் நெஞ்சிலுள்ள அதிர்ச்சிக் கருவியின் அந்த அதிர்ச்சி வேலையை எப்போது நிறுத்துவது? உடல் இயல்பாக அடங்கும் வேளையில் இதயத்தாளம் மாறினால் கருவி தன் கடமையைச் செய்யும். படுக்கையில் கிடப்பவரை உதைப்பதுபோல் அதிரவைக்கும். பக்கத்தில் கைபிடித்திருக்கும் மனைவி அதைப் பார்க்க நேரும். அதிர்ச்சி வேலையை மட்டும் வெளியிலிருந்தே, கத்தி படாமல், சில நிமிடத்தில் நிறுத்திவைக்க முடியும். அதனால் இதயம் நின்றுவிடாது. துடிப்பு குறையாமல் பார்த்துக்கொள்ளும் பேஸ்மேக்கர் வேலை தொடரும். இன்றே நிறுத்தச் சொல்லவில்லை. எந்த நிலையில் நிறுத்தலாம் என்று இன்றே பேசிவைக்கச் சொல்கிறேன். மண்டாயில் தகனம் என்றால் அந்தக் கருவியை முன்னதாக எடுத்தாக வேண்டும், சூட்டில் மின்கலம் வெடிக்கும். ஈமச்சடங்கு ஏற்பாட்டாளரிடம் சொல்ல வேண்டிய முதல் விவரம் அது என்று மகனிடம் எழுதிக் கொடுங்கள்.

மேடைச் சாவில் நெஞ்சைப் பிடிப்பதும் வசனமும் உண்டு. படுக்கையில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. சிலருக்குத் திடீரென்று முடிந்துவிடும். மற்றவர்கள் நாளுக்கு நாள் அதிகம் தூங்குவார்கள், சோறு தண்ணீர் வேண்டாம் என்பார்கள், மூச்சு கொஞ்ச நேரம் நின்று நின்று வரும், தொண்டையில் கரகரப்பு கேட்கும். கேட்பவருக்குப் பயங்கரமாக இருந்தாலும் அந்த நிலையில் நோயாளி பெரும்பாலும் அதை உணர்வதில்லை. அப்போது பால் ஊற்றும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. விழுங்க முடியாதவரின் வாயில் கரண்டியால் ஊற்றினால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சுத்தமான பஞ்சைப் பாலில் நனைத்துப் பிழிந்து உதட்டை மட்டும் ஈரப்படுத்தச் சொல்லுங்கள். சடங்கும் நிறைவேறும், இருமலும் வராது. மூச்சுத்திணறலுக்கு மருந்து உண்டு. தேவைப்பட்டால் சிறு அளவு மார்ஃபின் கொடுப்பார்கள்.

வீட்டிலேயே இருக்க விரும்பினால், வீட்டுக்கு வரும் அந்திமகாலப் பராமரிப்புக் குழுவுக்குப் பரிந்துரை கேளுங்கள். எச்சிஏ ஹாஸ்பிஸ் இதைக் கட்டணமின்றிச் செய்கிறது. புற்றுநோய்க்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்து ஒதுங்காதீர்கள். குழுவின் எண்ணைக் குளிர்பெட்டிக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டி, முதலில் அங்கே அழைக்கச் சொல்லுங்கள். பதற்றத்தில் ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைத்தால் வருபவர்களின் கடமை உயிர்ப்பித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. வீட்டில் மரணம் நேர்ந்தால் மருத்துவர் வந்து சான்றளிக்க வேண்டும். 2022 மே 29 முதல், மருத்துவர் இணையத்தில் சான்றளித்ததுமே இறப்பு தானாகப் பதிவாகிவிடும். குடும்பத்தார் தனியாகப் போய்ப் பதிய வேண்டியதில்லை.

பத்திரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்பிஏ எனும் நீண்டகால அதிகாரப் பத்திரம், உங்கள் மனம் தெளிவிழந்தால் பணத்தையும் நலனையும் பார்த்துக்கொள்பவரை நியமிக்கும். சிங்பாஸ் எனும் அரசாங்க மின்னடையாளம் வழியாக இணையத்தில் நிரப்பி, சான்றளிக்கத் தகுதிபெற்ற மருத்துவர் அல்லது வழக்கறிஞர் முன் முடிக்கலாம். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், முன்பே கேளுங்கள். உயிர்காக்கும் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்க அது யாருக்கும் அதிகாரம் தராது. உங்கள் எண்ணத்தை ஏசிபியில் சொல்லிவைப்பது இதனால்தான் அவசியமாகிறது. உயில் எழுதினால் இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டும். சொத்துப் பெறுபவரோ அவர் கணவன் மனைவியோ சாட்சியாக நின்றால் அவர்களுக்கு எழுதியது செல்லாது. மத்திய சேம நிதிப் பணம் உயிலில் அடங்காது. தனி நியமனம் வேண்டும். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்திருந்தால் அந்த நியமனம் கல்யாணத்தோடு ரத்தாகியிருக்கும், போய்ப் பாருங்கள். வீடு மனைவியோடு கூட்டு உரிமையில் இருந்தால், உயில் இல்லாமலே அவருக்குப் போகும். தனித்தனிப் பங்காக இருந்தால் போகாது. எது என்பதை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் (வீவக) கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மேடை ஆசைக்கு நான் தடை சொல்ல மாட்டேன். இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். நின்று நடிக்கும் நாடகம் வேண்டாம். உட்கார்ந்து வாசிக்கும் அரங்கு, பதினைந்து இருபது நிமிடம், சூடான விளக்குக்கு நேர்க்கீழே இல்லாமல், குளிர்சாதன வசதியுள்ள சிறு கூடம். சட்டையில் ஒலிவாங்கி, கடைசி வரிசைக்குக் குரலை வீசும் பழக்கத்தை அன்று கைவிட வேண்டும், மூச்சை அதுதான் தின்னும். பிரதியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, மூச்செடுக்கும் இடத்தில் கோடு போடுங்கள். பக்கத்து நாற்காலியில் இளைய நடிகர் ஒருவர் அதே பிரதியோடு இருக்கட்டும். நீங்கள் அவர் முழங்கையைத் தொட்டால் அந்த வரியிலிருந்து அவர் எடுத்துக்கொள்வார் என்று ஒத்திகையிலேயே பேசிவையுங்கள். நடுவில் நிறுத்த நேர்ந்தாலும் பார்வையாளருக்கு அது தவறாகத் தெரியாது.

நண்பருக்கு ஒரு நிமிடக் குரல்செய்தி அனுப்புங்கள், பகலில். நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்த நேரத்தில் அனுப்புவது வேறு மாதிரி ஒலிக்கும். இருபது வருஷத்துக்கு முந்தைய விஷயத்தில் யார் சரி என்பதை எடுக்காதீர்கள். அவரோடு நடித்த ஒரு காட்சியை, அதில் அவர் செய்த ஒன்றைக் குறிப்பிட்டு நன்றி சொல்லி, உடம்பு சரியில்லை என்பதையும் சொல்லி முடியுங்கள். ‘பதில் போடு’ என்று கேட்காதீர்கள். அவர் பதில் போடாமலும் இருக்கலாம். தகவல் சொல்ல வேண்டியவர்கள் என்று மகனுக்கு நீங்கள் எழுதித்தரும் பட்டியலில் அவர் பெயரையும் எண்ணையும் சேர்த்து, அவர் வந்தால் முன்வரிசையில் உட்காரவைக்கும்படி பக்கத்தில் குறித்துவையுங்கள்.